டார்ச்சு வச்ச போனும் எங்க ஊரு ராத்திரியும்

போன வாரம் சென்னையில வேலை பாக்குற பையன் போன் பண்ணி, "அப்பா, உங்க போனு பழசாயிடுச்சு, புதுசு வாங்கித் தரேன், எது வேணும்னு சொல்லுங்க"ன்னான். கூடவே நாலு மாடல் படம் அனுப்பினான். ஒண்ணுல கேமரா நல்லா இருக்குமாம், இன்னொண்ணு கேம் ஆடுறதுக்காம். நான் ரெண்டே கேள்விதான் கேட்டேன். உச்சி வெயில்ல வரப்பு மேல நின்னா திரை தெரியுமா? சேத்துக் கையோட தொட்டா வேலை செய்யுமா? பையன் சிரிச்சிட்டு, "யூட்யூப்ல இதெல்லாம் யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்கப்பா"ன்னான்.

எனக்கு போனுன்னா ஒரு கிறுக்கு. வேப்ப மரத்தடியில கட்டில் போட்டுக்கிட்டு புது போனு வீடியோவா பாத்துக்கிட்டு இருப்பேன், வாங்கப் போறதில்லன்னு தெரிஞ்சும். பழைய டிரங்கு பெட்டியில இதுவரைக்கும் நான் வச்சிருந்த ஏழு போனும் கிடக்குது. வீட்டுக்காரி பழைய இரும்புக்குப் போடச் சொல்லித் திட்டுவா. அந்தப் பெட்டியத் தொறந்தா எங்க ஊரு கதையே கிடக்குற மாதிரி இருக்கும். டவுன்ல இருக்குற நீங்க இந்தக் கதைய வேற பக்கத்துலேர்ந்து பாத்திருப்பீங்க.

நான் பத்தாவது படிக்கிற காலத்துல ஊர்ல போனே கிடையாது. சாவுச் சேதி தந்தியில வரும். தந்திக்காரர் சைக்கிள் தெரு முனையில திரும்பினாலே பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க, யாருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடியே. அந்த நேரத்துலதான், 1984ல, சாம் பிட்ரோடா முன்ன நின்னு சி-டாட் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த எக்ஸ்சேஞ்சு எல்லாம் பெரிய நகரத்துக்குன்னு செஞ்சது, ஏசி ரூம் கேக்கும். நம்ம கிராமத்துல ஃபேனே ஓடாது. இவங்க 128 லைனுக்கு ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சு செஞ்சாங்க, ஏசி வேண்டாம், வெயிலு தூசி தாங்கும். 1986ல கர்நாடகாவுல கித்தூர்ங்கிற ஊர்ல முதல்ல வச்சாங்க. சின்ன ஊருக்கு எல்லாம் மஞ்ச போர்டு எஸ்.டி.டி. பூத்து வந்துச்சுன்னா அதுக்குப் பின்னாடி இந்தப் பொட்டியும் ஒரு காரணம். வெளியூர்க்காரன் செஞ்ச சாமான இங்க கொண்டாந்து ஓட்டுறது வேற, நம்ம வெயில மனசுல வச்சுச் செய்யறது வேற. இந்த ஒரு விஷயத்த ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி திரும்ப வரும்.

செல்போனு இந்தியாவுக்கு வந்தது 1995 ஜூலை 31. கல்கத்தாவுலேர்ந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினாரு. அப்ப ஒரு நிமிஷத்துக்கு 16 ரூவா வரைக்கும் ஆகும். அதவிட அநியாயம், நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கட்டணும். அந்த வருஷம் எங்க ஊர்ல நாள் முழுக்க களை எடுத்தா பொம்பளை ஆளுக்குக் கூலி 20 ரூவாய்தான். யாரோ ராங் நம்பர் போட்டு ஒண்ணேகால் நிமிஷம் பேசினா ஒரு நாள் கூலி போயிடும்!

1998ல நடந்தத சொல்லியாவணும். அப்ப மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட்டு ஒரு வாரம் பகல்ல வரும், ஒரு வாரம் நடு ராத்திரியில வரும். சித்தப்பா ராத்திரி முறைக்குத் தண்ணி கட்டப் போனாரு. ஒரு மணி வாக்குல மடையத் திருப்பும்போது கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. கையில டார்ச்சு லைட்டு இருந்துச்சு, கட்டை தீந்து போயி மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுதாம். மோட்டார் கொட்டாய்லேர்ந்து ஊரு ஒன்றரை கிலோமீட்டர். கத்திப் பாத்தாரு, யாருக்கும் கேக்கல. நடந்தே வந்தாரு. பாம்பு கடிச்சா நடக்கக் கூடாது, விஷம் வேகமா ஏறும். அவருக்கும் அது தெரியும், வேற வழி இல்ல.

வீட்டுக்கு வந்து விழுந்தாரு. நான் பூத்துக்கு ஓடினேன். பூட்டி இருந்துச்சு. பூத்துக்காரர் வீட்டக் கண்டுபிடிச்சு எழுப்பி, சாவி கொண்டாந்து தொறந்து, செய்யாறுல கார் ஸ்டாண்டுக்குப் போட்டா மணி அடிச்சிக்கிட்டே இருக்குது, எடுக்க ஆளில்ல. கடைசியில டிவிஎஸ் 50ல நடுவுல உக்கார வச்சு நானும் பங்காளி ஒருத்தரும் பிடிச்சிக்கிட்டுப் போனோம். பாதி வழியிலயே என் தோள்ல தலை சாஞ்சிடுச்சு. சித்திக்கு அப்ப வயசு 31.

அதனால செல்போனு ஆடம்பரம்னு யாராவது எங்கிட்ட சொன்னா நான் சும்மா கேட்டுக்குவேன், பதில் சொல்ல மாட்டேன்.

2003 மே மாசத்துலேர்ந்து வர்ற காலுக்குக் காசில்லன்னு ஆச்சு. அதுலதான் எல்லாம் மாறிச்சு. அதே வருஷம் ரிலையன்ஸ் 501 ரூவா கட்டினா கையில போனுன்னு ஒரு திட்டம் கொண்டாந்தாங்க. டீக்கடையில பேச்சே அதுதான். ஆனா அது சிடிஎம்ஏ, சிம் கழட்டி வேற கம்பெனிக்கு மாத்த முடியாது. எங்களுக்கு மாடு வாங்கினா வேணாங்கும்போது விக்கவும் தெரியணும். நான் வாங்கல.

2005ல மல்லாட்டை வித்த காசுல வாங்கினேன், நோக்கியா 1100. இத பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

அந்த போனு 2003ல வந்தது. கலர் திரை கிடையாது, கேமரா கிடையாது. ஆனா உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துச்சு. காரணத்த நகரத்துல தேடினா கிடைக்காது. பட்டன் எல்லாம் ஒரே ரப்பர் ஷீட்டா இருக்கும், இடுக்கே இருக்காது, அதனால நெல்லுத் தூசி உள்ள போவாது. பக்கவாட்டுல சொரசொரப்பு, வேர்வைக் கையில வழுக்காது. கருப்பு வெள்ளைத் திரை வெயில் அடிக்க அடிக்க இன்னும் நல்லாத் தெரியும். கரண்ட்டு ரெண்டு நாள் வரலன்னாலும் சார்ஜ் நிக்கும். எல்லாத்துக்கும் மேல தலையில ஒரு டார்ச்சு. சி பட்டன அமுக்கிப் பிடிச்சா எரியும். ராத்திரியில இருட்டுல நடக்குறவன் ஒருத்தன் இருக்கான்னு பின்லாந்துக் கம்பெனியில யாரோ யோசிச்சிருக்காங்க. கித்தூர் எக்ஸ்சேஞ்சு பத்திச் சொன்னேன்ல, அந்த மாதிரி யோசனைதான் இதுவும்.

ஒரு தடவை நாத்து நடவுல சேத்துக்குள்ள விழுந்துச்சு. எடுத்து, பிரிச்சு, அரிசிப் பானைக்குள்ள ரெண்டு நாள் போட்டு வச்சேன். திரும்ப ஓடிச்சு. அரிசியால ஓடிச்சா, வெறும் காத்துலயே காய்ஞ்சிருக்குமாங்கிறது வேற விஷயம்.

2009ல பக்கத்துக் கழனிக்காரர் ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சது, அதே மாதிரி ராத்திரி முறையில. வரப்பு மேலயே உக்காந்து எனக்குப் போன் போட்டாரு. நடக்காதீங்கன்னு சொல்லிட்டு நான் 108க்குப் போட்டேன். அந்த வண்டி தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆயிருந்துச்சு. நாலு பேரு கயித்துக் கட்டிலோட தூக்கி ரோட்டுக்குக் கொண்டாந்தோம், வண்டி வந்துச்சு, விஷமுறிவு ஊசி போட்டாங்க. இப்பவும் ரெண்டு ஏக்கர் நெல்லு வைக்கிறாரு. சித்தி அன்னிக்கு ராத்திரி என் போன வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம குடுத்துட்டுப் போயிட்டாங்க.

போனு வந்தா விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும்னு நிறைய எழுதறாங்க. அதுல பாதி நெசம். ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1997லேர்ந்து 2001 வரைக்கும் வட கேரளாவுல மீன் பிடிக்கிறவங்களப் பாத்து எழுதினாரு. கடல்லேர்ந்தே போன் போட்டு எந்தக் கரையில விலை அதிகம்னு கேட்டுப் போனாங்க. மீனு வீணாப் போறது நின்னுச்சு, அவங்க லாபம் 8 சதவீதம் ஏறிச்சு, வாங்குறவனுக்கும் விலை 4 சதவீதம் குறைஞ்சுது. நல்ல விஷயந்தான். ஆனா எங்க மல்லாட்டைக்கு அது முழுசா நடக்கல. விதைக்கும்போதே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிடுறோம். அப்புறம் வேற ஊரு கமிட்டியில மூட்டைக்கு 200 ரூவா கூட போவுதுன்னு போன்ல தெரிஞ்சா என்ன, மூட்டை அவன் வாசலுக்குத்தான் போயாவணும். முன்னெல்லாம் தெரியாம ஏமாந்தோம், இப்ப தெரிஞ்சே ஏமாறுறோம். தவிர, எங்கிட்ட ஒரு போனு இருந்தா வியாபாரிகிட்ட மூணு இருக்குது.

அப்புறம் ரெண்டு சிம் போட்ட போனு, கோயில் திருவிழா மாதிரி பாட்டுக் கத்துற சைனா போனு எல்லாம் வந்துச்சு. மைக்ரோமேக்ஸ் 2008ல ஒரு தடவை சார்ஜ் போட்டா 30 நாள் நிக்கும்னு ஒண்ணு விட்டாங்க. கரண்ட்டு இல்லாத ஊர நெனச்சுச் செஞ்சது. பெட்டியில அதுவும் ஒண்ணு இருக்குது.

நோக்கியா நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே 2006ல உற்பத்திய ஆரம்பிச்சாங்க. எங்க பக்கத்து கிராமத்துப் பொண்ணுங்க எல்லாம் கம்பெனி பஸ்ஸுல போவாங்க. 2014 நவம்பர் 1ல அது நின்னு போச்சு. வரி வழக்கு ஒரு பக்கம், மைக்ரோசாஃப்ட் நோக்கியா போன் தொழில வாங்கினப்ப இந்த ஃபேக்டரிய மட்டும் சேத்துக்காதது இன்னொரு பக்கம், தொடு திரை வந்து பட்டன் போன அமுக்கினதும்தான். இப்ப அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் செய்யறாங்க. ஒரு போனு விலையில பால் மாடு ஒண்ணு கன்னுக்குட்டியோட வரும்.

2016ல ஜியோ வந்தப்புறம்தான் நானும் தொடு திரைக்கு மாறினேன். பலன் இல்லன்னு சொல்ல மாட்டேன், இந்த எழுத்தே அதுலதான் தட்டுறேன். மழை வருமான்னு பாக்குறேன், பூச்சிய போட்டோ எடுத்து வேளாண்மை படிச்ச பையன் ஒருத்தனுக்கு அனுப்புறேன். ஆனா அது எங்க கைக்குச் செஞ்சதில்ல. ஈரக் கை பட்டா தானா எங்கேயோ போவுது. மண்வெட்டி பிடிச்சு ரேகை தேஞ்ச விரல வச்சா "மறுபடி முயற்சி செய்யவும்"னு வருது. என் போன எனக்கே தொறக்க மாட்டேங்குது.

நல்லதாவும் ஒண்ணு வந்துச்சு, மொபைல் ஸ்டார்ட்டர். புனேவுல சந்தோஷ் ஓஸ்த்வால்னு ஒருத்தர் நானோ கணேஷ்னு மோட்டார போன்லயே ஓட்டுற கருவி செஞ்சாரு. அந்த மாதிரி கருவி இப்ப பல கம்பெனி செய்யுது. ஒரு சிம் போட்டு ஸ்டார்ட்டர் பெட்டியில வச்சிட்டா, வீட்டுலேர்ந்து கால் பண்ணினா மோட்டார் ஓடும். நான் வாங்கினப்ப அதுல என்னோட பழைய 1100 நம்பரத்தான் போட்டேன்.

பையன்கிட்ட, பேட்டரி பெருசா இருக்குறதா, வெயில்ல திரை தெரியுறதா ஒண்ணு வாங்கி அனுப்பு, கேமரா எப்படி இருந்தாலும் சரின்னு சொல்லிட்டேன்.

இந்த வாரம் ராத்திரி முறை. ரெண்டு மணிக்குக் கரண்ட்டு வரும். கட்டில்ல படுத்தபடியே தொடு போன்லேர்ந்து பழைய நம்பருக்குப் போடுவேன், ரெண்டு மணி அடிச்சதும் மோட்டார் ஓட ஆரம்பிச்சிடும். ஆனா மடையத் திருப்பி விட எந்த போன்லயும் வழி இல்ல. அதனால எழுந்து, சிம் இல்லாத அந்த 1100 போன எடுத்துக்குவேன். பேட்டரி மட்டும் போன வருஷம் புதுசு போட்டது. சி பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு, வரப்புல கால் வைக்கிற இடத்தப் பாத்துப் பாத்து நடப்பேன்.