பினாங்கில் சுல்தான் இல்லை. அப்படியானால் ஆட்சி யார் கையில்?

தீவும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையும் சேர்ந்ததுதான் பினாங்கு. இரண்டையும் இணைக்க இரண்டு பாலங்களும் பெர்ரியும் உண்டு.

சுல்தானுக்குப் பதிலாக இங்கு ஆளுநர். அவரை நியமிப்பவர் மாமன்னர். நிர்வாகம் முதலமைச்சர் கையில். சட்டமன்றத்தில் 40 இடங்கள்.

1786-இல் பிரான்சிஸ் லைட் வந்தபின் துறைமுகத்தால் வளர்ந்த ஊர் இது. வரியில்லாத் துறைமுகத் தகுதி 1960-களின் இறுதியில் பறிபோனதும் வேலையின்மை பெருகியது. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைதான் கைகொடுத்தது. இன்று பலருக்கும் சோறு போடுவது செமிகண்டக்டர் தொழில்.

சரி, உங்கள் வீட்டு முன் கால்வாய் அடைத்துக்கொண்டால்? அது மாநகர் மன்றத்தின் வேலை. ஆனால், மன்ற உறுப்பினர்களை நீங்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சி மன்றத் தேர்தலை மீண்டும் நடத்த பினாங்கு முயன்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், உறுப்பினர்களை இன்னமும் மாநில அரசே நியமிக்கிறது.