பாசியும் ஹவுளும்

பள்ளிவாசல் ஹவுளின் படியில் யாரேனும் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியைக் கேளாத ஊர் நம்மிடையே இராது. அதனைத் தொடர்ந்து எழுவது ஒரே யோசனைதான்: "ஹவுளைத் தூர்த்துவிட்டுக் குழாய் வைத்துவிடுவோம்." பல ஊர்களில் அவ்வாறே நடந்தும் விட்டது. மீன்கள் நீந்திய நீர்நிலை சிமெண்டுத் தரையாகிவிட்டது. குற்றம் பாசியுடையதா, பேண மனமில்லாத நம்முடையதா என்பதை ஆராய விரும்புகிறோம்.

நீர் பச்சையானால் அது ஒளுவுக்கு ஆகாது என்று எண்ணுவோர் சிலர் உளர். சட்ட நூல்கள் அவ்வாறு கூறவில்லை. கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', நெடுநாள் தேங்கியதாலோ, சேற்றாலோ, பாசியாலோ மாற்றமடைந்த நீர் தூய்மைப்படுத்தும் தன்மையை இழப்பதில்லை என்கிறது. பாசிக்கு அங்கே வழங்கும் அரபுச்சொல் 'துஹ்லுப்'. சட்டம் சலுகை தந்தது உண்மை. எனினும் நீர்நிலை அமைத்த முன்னோர் அச்சலுகையில் சாய்ந்து உறங்கிவிடவில்லை.

துனீசிய நாட்டுக் கைரவான் நகரை நோக்குவோம். கி.பி. 670-இல் உக்பா இப்னு நாபிஉ அவர்கள் நிறுவிய அந்நகருக்கு அருகில் வற்றாத ஆறு கிடையாது. ஒன்பதாம் நூற்றாண்டில் அக்லபிய ஆட்சியாளர் அபூ இப்ராஹீம் அஹ்மத் அங்கே இரு வட்டத் தொட்டிகளை ஒட்டி ஒட்டிக் கட்டுவித்தார். பெரியதன் குறுக்களவு ஏறத்தாழ 128 மீட்டர். சிறியது 37 மீட்டர். வரும் நீர் நேரே பெரிய தொட்டியில் விழாது. முதலில் சிறியதில் தங்கி, சுமந்து வந்த வண்டலை அடியில் விட்டு, தெளிந்த மேல்நீர் மட்டும் சுவரின் உயரத்தில் அமைந்த திறப்பு வழியாகப் பெரியதற்குச் செல்லும். அங்கிருந்து கூரை மூடிய நிலவறைத் தொட்டிகளுக்குப் போகும்; மக்கள் முகந்தது அந்த இருட்டறை நீரைத்தான். வெயிலில் திறந்து கிடந்த பெரிய தொட்டியில் பாசியே இருந்திராது என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் வெளிச்சம் புகாத இடத்தில் பாசி வளராது. அதனைக் கொல்ல அவர்கள் மருந்து தேடவில்லை; அது வாழ வழியில்லாத இடத்தில் நீரை வைத்தார்கள்.

மருந்து தேடும் வழக்கம் வலுப்பெற்றது பிற்காலத்தில். 1904-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர் மயில்துத்தத்தால் நீர்த்தேக்கப் பாசியை அழிக்கும் முறையை வெளியிட்டனர். பாசி மடிந்தது, மடிந்த பாசி அழுகி, நீரில் கரைந்திருந்த பிராணவாயுவை உண்டது, மீன்களும் மிதந்தன. அடியில் கிடந்த உரமோ அங்கேயே இருந்தது. ஆகவே பச்சை மீண்டும் வந்தது!

அந்த உரம் எது என்பதை 1973-இல் கனடாவின் ஒரு சிற்றேரி காட்டியது. ஷிண்ட்லர் என்னும் அறிஞர் ஏரியின் குறுக்கே திரையிட்டு, ஒருபுறம் கரியும் நைட்ரஜனும், மறுபுறம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார். பாஸ்பரஸ் கலந்த பாதி மட்டும் பச்சைப்பசேலென ஆயிற்று. சிறுநீரில் நைட்ரஜனும் உண்டு, பாஸ்பரஸும் உண்டு. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை இங்கே நினைத்துக் கொள்கிறோம்.

நம் ஹவுளுக்கும், வீட்டுக் கொல்லையிலுள்ள சிறு குளத்துக்கும் வருவோம். மீனுக்கென்று அள்ளி வீசும் பொரியும் ரொட்டியும், உதிர்ந்து அழுகும் இலையும், தென்னைக்கு இட்ட எருவைக் கரைத்து வரும் மழைநீரும், துணி துவைத்த சோப்பு நீரும் பாசிக்கே விருந்தாகின்றன. முழுநீரையும் இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்புவோர் சில வாரங்களில் மீண்டும் பச்சையைக் கண்டு சலிக்கின்றனர். புதுநீரிலும் உப்புச்சத்து உண்டு, மேலே வெயிலும் உண்டு அல்லவா? பாதிப் பரப்பையேனும் அல்லியிலையோ கூரையோ மறைக்கட்டும். மீன் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் தீனி வேண்டாம். வாய்க்கால் நீரானால் குளத்துக்கு முன்னே வண்டல் தங்க ஒரு சிறு தொட்டி கட்டலாம். அடியில் சேரும் சேற்றை ஆண்டுக்கொரு முறை வாரி, தென்னையின் அடியில் கொட்டிவிடலாம்; அங்கே அது நல்ல எரு.