நாலே தட்டு!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ், பர்லியாரில் டீக்காக நின்றது. பக்கத்து சீட் காலேஜ் பெண் போனில் 'அம்மா' என்று அடிக்கிறாள், ஆங்கில எழுத்தில்.

''தமிழ்ல அடிக்கலாமே?''

''கஷ்டம் அங்கிள். 247 எழுத்தாச்சே!''

இந்த 247 பயம் ரொம்பப் பழசு. சிங்கப்பூரில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் முத்தையா, எழுத்துகளைக் கொம்பு, கால் என்று உடைத்து டைப்ரைட்டருக்குள் அடக்கினார். பி.காம். படித்த காலத்தில் நான் தட்டியதும் அப்படித்தான். 'கெ' வேண்டுமா? முதலில் கொம்பு, அப்புறம் 'க'. கையால் எழுதுகிற வரிசை.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சொல்கிற வரிசையில் தட்டினால் போதும், வடிவத்தை அது பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் நா.கோவிந்தசாமி போன்றவர்கள் இந்த வழியில் யோசித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டிப் பிறந்தது 'தமிழ்99' கீபோர்டு. அதே ஆண்டு தமிழக அரசும் அங்கீகரித்தது. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். மொத்தமே 31 விசை! உயிரெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு.

அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா'. புள்ளி தானாக விழும். ஆங்கிலத்தில் அடித்தாலும் அதே நாலு தட்டுதான்!

கஷ்டம் எழுத்தில் இல்லை, நம் பழக்கத்தில்.