பனிநீருக்கும் முறை உண்டு

ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸிலிருந்து லடாக்கில் சாலைப் பணிக்குப் போன எங்களுக்குப் பனி என்றால் எதிரி. வசந்தத்தில் சோஜி லா கணவாயில் அதை வெட்டித் தள்ளினால்தான் ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு லாரி வரும். காய்கறியும் மண்ணெண்ணெயும் வரும். அந்த ஊர் விவசாயிக்கோ பனிதான் பயிர். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிற சீமை அது. சிந்து நதி பள்ளத்தில் ஓடுவதால் பெரும்பாலான வயல்களுக்கு எட்டாது. மலையில் உருகி இறங்குவதுதான் பாசனம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. வாற்கோதுமை விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். வயலருகே விழுந்த பனி அதற்குள் உருகி ஓடிவிடும். 5,000 மீட்டருக்கு மேலே கிடக்கும் பனியாறுகள் இளக ஜூன் ஆகிவிடும். இடைப்பட்ட வாரங்களில் ஓடையில் நூலாகத்தான் தண்ணீர். விதைப்பு தள்ளிப்போனால் இலையுதிர்காலக் குளிருக்கு முன் கதிர் முற்றாது. ஸன்ஸ்கார் பக்கத்தில் வயல் பனிமேல் மண்ணைத் தூவுவார்கள். கருத்த மண் வெயிலை வாங்கிப் பனியைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

இருக்கிற கொஞ்ச நீருக்கு அடிதடி வராமல் காத்தவர் சுர்பொன். நம் ஏரிப் பாசன ஊர்களின் நீர்க்கட்டிக்கு உள்ள அதே வேலை. ஊரார் அவரை நியமிப்பார்கள். கூலி தானியமாக அளப்பார்கள். ஸிங் என்ற குளத்தில் இரவெல்லாம் ஓடைநீரைத் தேக்கி, காலையில் மடை திறந்து, யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்துப் பாய்ச்சுவார். முறை மீறி வாய்க்காலை உடைத்தவருக்குத் தண்டம் உண்டு.

சட்டத்தோடு பயபக்தியும் சேர்ந்திருந்தது. நீரில் லூ எனப்படும் நாக தெய்வங்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. குடிநீர் ஓடையில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிய எங்கள் ஆள் ஒருவனை ஒரு பாட்டி விரட்டி விரட்டித் திட்டினார். மொழி புரியாவிட்டாலும் குற்றம் என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

1834இல் ஜம்முவிலிருந்து டோக்ரா படை வந்தது, பின்னர் லடாக் அரசர் ஆட்சி போனது, நீர்முறை போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த நிலத்தீர்வையின்போது எந்த ஊருக்கு எந்த ஓடையில் எவ்வளவு உரிமை என்பதை ‘ரிவாஜ்-இ-ஆப்பாஷி’ என்ற ஆவணமாகவே எழுதிவைத்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 1987இல். ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைப் புக்சே என்ற ஊரில் நிழல் சரிவுக்குத் திருப்பினார். கல்வரப்புகள் வேகத்தைக் குறைக்க, நீர் அங்கேயே உறைந்தது. இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடம் என்பதால் விதைப்புக் காலத்திலேயே உருகிக் கைகொடுத்தது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறகு லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக், மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீரைக் குளிரில் பீய்ச்சியடித்துக் கூம்பாக உறைய வைத்தார். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் வசந்தம் கடந்தும் பனி நிற்கும்.

ஆனால் ஃப்யாங் ஊரில் அந்தக் கூம்புகள் எழுந்தபோது, கீழே இருக்கும் ஃபே ஊரார் தங்கள் நீர்ப்பங்கு குறைகிறது என்று எதிர்த்தார்கள். கூம்பு நீரைச் சேமிக்கும், பங்கு பிரிக்காது. பங்கு பிரிக்க ஆளில்லாத நீர் இன்னொன்றும் உண்டு. 1974இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்த பின் லே நகரில் விடுதிகள் பெருகின, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அந்த நிலத்தடி நீரும் பனி தந்ததுதான். அதற்கு மட்டும் முறையும் இல்லை, கேட்க ஒரு சுர்பொன்னும் இல்லை. பனிக்கூம்புக்குப் பணம் ஒதுக்கும் அரசு சுர்பொன்னுக்கும் அதிகாரமும் ஊதியமும் கொடுக்க வேண்டும்; விடுதிகளின் கிணறுகளையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.