பிள்ளைக்கென்று ஒரு கட்டில்

எங்கள் குழித்துறைப் பக்கத்தில் பெரிய நோய் என்றால் “திருவந்தரத்துக்குக் கொண்டு போ” என்பார்கள். கொண்டு போனால் இறங்குகிற இடம் தம்பானூர். 1931-இல் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு பஸ் விட ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிப் பழக்கம் மட்டும் எல்லை தாண்டியே நின்றது. 1979-இல் கன்னியாகுமரி வரை ரயில் பாதை திறந்த பிறகு அது இன்னும் உறுதியாயிற்று.

நான் அந்தப் பாதையில் வேலைக்குப் போனவள். குழித்துறையில் காலைப் பாசஞ்சர் ஏறி, தம்பானூரில் இறங்கி, நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். நர்ஸ் என்று தெரிந்தால் ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர், மகள் பிரசவம் எல்லாம் சத்தமாகக் கேட்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் வண்டி நேமம் தாண்டிய பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “சிஸ்டரே, ஊளம்பாறைக்கு எந்த பஸ்சு?”

கேட்பவர் அநேகமாகத் தாய். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பையன் இருப்பான். பதினைந்து, பதினாறு வயது.

1870-இல், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், திருவிதாங்கூர் அரசு மனநோயாளிகளுக்காகத் தொடங்கிய நிலையம்தான் இன்றைய ஊளம்பாறை மனநல மையம். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பேர் பட்ட பாட்டை இங்கே ஊளம்பாறை பட்டது. “அவன் ஊளம்பாறைக்குப் போனவன்” என்று ஊரில் ஒருமுறை சொல்லிவிட்டால் தங்கைக்குக் கல்யாணம் பேசுவதற்கே பயப்படுவார்கள். ஆகவே தம்பானூரில் பேரூர்க்கடை பஸ்ஸில் ஏறி, சாஸ்தமங்கலத்திலேயே இறங்கி, மீதி தூரத்தை நடந்து போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அங்கே இருந்த டாக்டர்மார் நல்லவர்கள், அறிந்தவர்கள். ஆனால் அது குடிப்பழக்கத்துக்கென்று கட்டின இடம் அல்ல, பிள்ளைகளுக்கென்று கட்டின இடம் அறவே அல்ல.

அதே அரசு மறு கையால் விற்றுக்கொண்டும் இருந்தது. கள், சாராயம், அபின், கஞ்சா எல்லாம் திருவிதாங்கூர் காலத்தில் அப்காரி என்கிற கலால் வருமானத்துக்குள் வந்தவை. ஸ்ரீநாராயண குரு 1921-இல் மது விஷம், அதை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று தம் மக்களுக்குச் செய்தி விட்டார். அவர் சொன்ன மூன்றில் குடிக்காதே என்பதை மட்டும் வீட்டிடம் விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அரசுகள் தாங்களே எடுத்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊளம்பாறைக்குப் போக மனம் வராதவர்கள் என்ன செய்தார்கள்? நேர்ச்சை செய்தார்கள். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாள் குடி இல்லை. மாலை கழற்றிய இரவை நினைத்து அந்த 41 நாளும் தூங்காத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவ வீடுகளில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்கள். தம்பானூரிலேயே வண்டி மாறி, சாலக்குடிப் பக்கம் தியானத்துக்கு அழைத்துப் போவார்கள். சிலருக்கு நின்றும் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பையன் என்றால் வேறு வைத்தியம்: அடி. அடிக்கும் அடங்கவில்லை என்றால் மாமன் வீட்டுக்கோ, தூரத்து ஊரில் கடை வேலைக்கோ அனுப்பிவிடுவது. அங்கே அவன் கையில் சொந்தக் காசு வேறு புரளும்.

குடியை நோயாகப் பார்த்து, வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை தருவது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குள்தான் முளைத்தது. டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடியால் 1979-இல் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்கா போய் இந்தச் சிகிச்சையைப் படித்து வந்து, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். முதலில் நடந்தது தம் வீட்டில். குடிப்பவருக்கு ஒரு மாதச் சிகிச்சை என்றால், மனைவிக்கும் தாய்க்கும் தனியே வகுப்பு. பின்னால் மஞ்சக்குடி மாதிரி ஊர்களுக்கே போய் முகாம் போட்டார்கள். எங்கள் டிரெயினிங் காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. “குடிகாரன் கேஸ், வாந்தி நின்றதும் டிஸ்சார்ஜ்,” அவ்வளவுதான். சாந்தி அம்மாவின் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில் எனக்கு உண்டான நிம்மதி பெரிது.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதையொட்டியே மறுவாழ்வு மையங்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரவும் ஆரம்பித்தது. தண்டனையும் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தன. ஜனங்களுக்குத் தெரிந்தது தண்டனை மட்டும்.

இனி என் மனதை இன்றும் அறுக்கிற விஷயம். வார்டுகள் வந்தன, ஆனால் அவை நாற்பது வயது ஆண்களை நினைத்து உண்டானவை. ஒருமுறை எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், பதினாறு வயது, சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷனை முகர்ந்து பழகி, பிறகு கஞ்சாவுக்குப் போனவன், இந்த நகரத்தின் ஒரு மையத்தில் சேர்க்கப்பட்டான். இடது கட்டிலில் கைகால் நடுங்கி, இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரர். வலது கட்டிலில் ஊசி போடுகிறவர். அந்தப் பிள்ளை அங்கே ஒரு வாரத்தில் கற்றது, எந்த மாத்திரை எந்தக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் என்பது. பார்க்கப் போன என்னிடம் அவன் தாய், “மருந்து குடுக்க கொண்டு வந்தேன் சிஸ்டரே, இவன் இஞ்ச பாடம்லா படிக்கான்” என்று அழுதாள்.

மருத்துவமும் வேறு. பல வருஷம் குடித்தவருக்குக் குடியை நிறுத்தின முதல் இரண்டு மூன்று நாள்தான் ஆபத்து: வலிப்பு வரும், புத்தி தடுமாறும், மருந்தும் தயாமின் ஊசியும் வேண்டும். பையன்களில் பெரும்பாலோருக்கு அந்த நடுக்கம் இராது. அவர்களுக்கு வேண்டியது பேச ஓர் ஆள், தூக்கம், படிப்பு, கூட்டாளி மாற்றம், வீட்டில் அப்பாவின் பாட்டிலை அப்புறப்படுத்துவது. மாதக்கணக்கில் நீளும் வேலை இது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, முகர்கிற போதையில் மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் விகிதம் அதிகம் என்று காட்டியது: பெரியவர்களில் 0.58 சதவீதம், பத்து வயது முதல் பதினேழு வரை 1.17 சதவீதம். அதற்கு உதவி தேவைப்படும் பிள்ளைகள் நாட்டில் 4.6 லட்சம். அந்தச் சொல்யூஷன் டியூபின் விலை பஸ் டிக்கெட்டைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

கேரளத்தில் சண்டை எப்போதும் கடையைப் பற்றித்தான். 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்துக்குத் தடை. 2014-இல் பார்களை மூடினார்கள், 2017-இல் மறுபடி திறந்தார்கள், மது வாங்கும் வயதை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். தேர்தல்கள் இதில் ஏறி இறங்கின. அந்த இரைச்சலில் பள்ளிக்கூடப் பையில் இருந்தது வேறு: ஹான்ஸ் புகையிலைப் பொட்டலம், பிறகு கஞ்சா, இப்போது எம்.டி.எம்.ஏ.

ஆனாலும் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், பிள்ளைக்கு மதுவோ போதையோ கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும், வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும், மனநல வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மது, போதையால் வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். 1870-இலிருந்து எண்ணினால் இந்த ஒரு வரிக்கு 147 வருஷம் ஆகியிருக்கிறது. இதைத் தாய்மார் அறிய வேண்டும். சேர்க்கும்போது “பிள்ளைக்குத் தனி இடம் உண்டா, நான் கூட இருக்கலாமா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2016-இல் கேரள கலால் துறை ‘விமுக்தி’யைத் தொடங்கி, பிறகு பதினான்கு மாவட்டத்திலும் அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே போதை மீட்பு மையம் வைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு அது நெய்யாற்றின்கரையில். எங்கள் ஜனங்கள் குழித்துறையிலிருந்து தம்பானூருக்குப் போகும் வழியில் வருகிற ஊர்! ஆஸ்பத்திரியைக் கடந்துபோய் ஆஸ்பத்திரியைத் தேடியிருக்கிறார்கள். தம்பானூர் ஸ்டாண்டில் திகைத்து நின்ற ஒரு தாயையும் மகனையும் பக்கத்து இந்தியன் காபி ஹவுஸில், லாரி பேக்கர் கட்டின அந்தச் சுருள் கட்டடத்தில், உட்கார வைத்து ஆளுக்கொரு கட்லெட் வாங்கிக் கொடுத்து, திரும்ப நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் 2025-இல் ‘கலங்கரை’ என்ற பேரில் 25 மையங்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் வந்திருக்கின்றன. எல்லை தாண்டாமலே விசாரிக்கலாம்.

கலால் துறை என்றதும் ஒரு தகப்பன் எழுந்துவிட்டார். “கேஸ் போட்டுருவானுவ சிஸ்டரே.” இந்தப் பயத்தால் கெட்டுப்போன மாதங்கள் எத்தனையோ. போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பழக்கத்துக்கு ஆளானவர், சொந்த உபயோகமோ சிறு அளவோ என்றால், தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முடிக்க வேண்டும், அது நிபந்தனை. போனிலேயே பேச விமுக்திக்கு 14405, மத்திய அரசின் போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். பையனே கூப்பிடலாம்.

இன்னும் அடைபடாத ஓட்டை பள்ளிக்கூடம். பையில் பொட்டலம் பிடிபட்டால், தகப்பனை வரவழைத்து டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. இந்தப் பழக்கம் தலைதூக்குவது ஒன்பதிலும் பத்திலும், பாதுகாப்பு முடிந்த பிறகு. சிகிச்சை முடிந்து வருகிற பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலையில் போக இடம் வேண்டும். இல்லையென்றால் பழைய கூட்டாளிகள் இருக்கிற முக்கு இருக்கிறது. ஆகவே இப்போது என் வேலை தலைமையாசிரியர் அறைகளில். தாயையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கூட்டிக்கொண்டு போய், அடுத்த ரிவியூ தேதியைக் காட்டி, “ஒரு டேர்ம் மட்டும் வைத்துப் பாருங்க சார்” என்று கேட்கிறேன். சிலர் வைத்துக்கொள்கிறார்கள். மறுத்தவர்களிடம் மறு வாரமும் போகிறேன்.