போதைச் சோதனை யாருக்குச் சான்று?
உடலுழைப்புப் பணியிடங்களில் மதுவும் சோதனையும்: அதியமான்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

1. முன்னுரை

தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டைக்கு மதுவிலக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். ஆகவே, மாகாணத்தின் முதல் மதுவிலக்குச் சோதனை நடந்த மண்ணில் இவ்வூரும் அடங்கும்.

இன்று இவ்வட்டாரத்தின் உழைப்பு சாலையையும் கட்டடத்தையும் நம்பியிருக்கிறது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலை இப்பகுதியில் அதனுடன் இணைகிறது. தெற்கே போனால் தொப்பூர் கணவாய். லாரி ஓட்டுநர், கிளீனர், கொத்தனார், சித்தாள், கல்லுடைப்பவர், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வருபவர் என உடலுழைப்பாளர் நிறைந்த பகுதி இது.

பணியிடத்தில் மது, போதைப்பொருள் சோதனை வேண்டுமா என்ற வாதம் பெரும்பாலும் ஒழுக்கத்துக்கும் தனியுரிமைக்கும் இடையிலான வழக்காகவே நடக்கிறது. அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சோதனையின் முடிவு யார் கைக்குப் போகிறது, எதற்குச் சான்றாகிறது? பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பணிகளுக்கு மட்டும், உரிய நடைமுறையோடு செய்யப்படும் சோதனை தொழிலாளிக்கே பாதுகாப்பு. அந்த வரம்பைத் தாண்டினால் அது விசாரணையில்லா வேலைநீக்கமாகவும் இழப்பீட்டு மறுப்பாகவும் மாறும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

2. 1937இன் பாடம்

சேலத்து மதுவிலக்கு திடீரென வந்ததன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய இராஜாஜி, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929இல் 'விமோசனம்' இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். அப்பிரசாரத்தின் மையம் உழைப்பாளியின் வீட்டு வரவு செலவு: கூலி கடைக்குப் போகிறதா, அடுப்புக்குப் போகிறதா என்பது. கலால் வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. குடியை நிறுத்த வேண்டுமானால் அரசும் தன் வருமான ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அன்றைய அரசு ஏற்றது.

பிற்காலக் கொள்கை எதிர்த்திசையில் சென்றது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. பின்னர் மூடலும் திறப்புமாக மாறி மாறி வந்தது. 1983இல் உருவான டாஸ்மாக் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. 2023–24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பவர் அரசு, வாங்குபவர் தொழிலாளி, மறுநாள் காலையில் ஊதச் சொல்பவர் காவலரோ மேற்பார்வையாளரோ. பொறுப்பு முழுவதும் நடுவில் இருப்பவர் தலையில் விழுகிறது.

நெடுஞ்சாலை மதுக்கடைகள் குறித்து 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இதற்கு விலக்கு. சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது அது. சிற்றூர்களுக்கு இத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் 2017 ஏப்ரலில் மூடப்பட்டன. நகர எல்லைகளுக்கு விலக்களித்து அதே ஆண்டு ஆணை தளர்த்தப்பட்டபோதிலும், ஓட்டுநரைச் சோதிப்பதற்கு முன் கடையின் இடத்தைச் சோதிக்க வேண்டும் என்ற நெறி அதில் உண்டு.

3. வேலைத்தளத்தில் குடியின் இடம்

கட்டட வேலையில் குடி வெளியிலிருந்து வந்து நுழைவதில்லை. வேலையின் ஏற்பாட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது. சனிக்கிழமை வாரக் கூலி மொத்தமாகக் கைக்கு வருவது ஒன்று. நாள் முழுவதும் சிமென்ட் மூட்டையும் கலவையும் சுமந்தபின் 'உடம்பு வலிக்கு' ஒரு கட்டிங் என்பது மற்றொன்று. தளம் போடும் நாள் இன்னொன்று: கான்கிரீட் இடையில் நிற்கக் கூடாது என்பதால் இடைவிடாமல் வேலை நடக்கும்; முடிந்ததும் சாப்பாட்டோடு சரக்குக்கும் வீட்டுக்காரரே பணம் தருவது பல ஊர்களில் வழக்கம். மறுக்கும் தொழிலாளி 'செட்' சேராதவராகிறார். கூலியைச் சாராயமாகக் கொடுப்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 95ஆம் உடன்படிக்கை தடைசெய்கிறது. தளம் போடும் நாளின் வழக்கம் கூலிக்கு மேல் தரும் அன்பளிப்பாகக் கருதப்படுவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயது வரையான இந்தியரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். ஆண்களில் இது 27.3 விழுக்காடு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். கண்டுபிடிப்பதைவிடச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்ப்பதில்தான் நாம் அதிகம் பின்தங்கியுள்ளோம் என்பதை இந்த எண் காட்டுகிறது.

4. கருவி எதை அளக்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 180 மில்லி குவாட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்றால் ஏறத்தாழ 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் உடலில் அது 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தவர் அதிகாலை ஐந்து மணிக்கு லாரியை எடுத்தால் சட்ட வரம்பை ஒட்டி நிற்பார். இரண்டு குவாட்டர் என்றால் காலை எட்டு மணிக்கும் வரம்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல். உடலுக்கு உடல் மாறும் கணக்குதான் இது. ஆயினும் 'நேற்றுக் குடித்தது' என்ற சமாதானம் ஓட்டுநருக்குப் பொருந்தாது என்பதைத் தெளிவாக்குகிறது. சாலையில் சோதனை தேவை என்பதற்கு வலுவான காரணம் இதுவே.

கருவி தவறுவதும் உண்டு. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் பணிக்குச் செல்லும் முன் ஊதிய ஊழியர்களுக்குக் கருவி ஆல்கஹால் காட்டியது. அவர்கள் தின்றது நன்கு பழுத்த பலாச்சுளை. குடிக்காதவரைத் தின்னவைத்து மீண்டும் ஊதச் சொன்னபோது காரணம் புரிந்தது. வாயில் தங்கும் ஆல்கஹால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும் என்பதால்தான் வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து இரண்டாம் முறை சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஸ்பிரிட் கலந்து மரத்துக்குப் பாலிஷ் போடும் அறையிலேயே தச்சரை ஊதச் சொன்னால் அறைக்காற்றும் கணக்கில் சேரக்கூடும்.

போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனை இன்னும் சிக்கலானது. தொடர்ந்து கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் இருக்கும். சோதனை நாளில் அவர் தெளிவாக இருந்தாரா என்பதை அது சொல்லாது. குருமாவில் சேரும் கசகசாவும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அபின் வகைப் போதையாகப் பதிவாகக்கூடும். அமெரிக்காவில் 1987இல் மேரிலாந்தின் சேஸ் என்னுமிடத்தில் 16 பேர் இறந்த ரயில் விபத்தில் ஓட்டுநர் கஞ்சா பயன்படுத்தியிருந்தார். அதன் பின் 1991இல் போக்குவரத்து ஊழியருக்குச் சோதனை கட்டாயமானது. இத்தகைய சோதனையால் ஓட்டுநர்களின் காயங்கள் குறைந்தனவா என்று தேடிய 2009ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில் தகுதி பெற்ற ஆய்வுகள் இரண்டே. முடிவு சொல்ல அவை போதவில்லை.

சோதனையின் இந்தப் போதாமை தொப்பூர்க் கணவாயின் விபத்துகளுக்கும் பொருந்தும். நீண்ட இறக்கம், அதிகப் பாரம், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது, தூக்கமின்மை ஆகியவை எந்தக் கருவியிலும் ஊதினால் தெரியாதவை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு எட்டு மணி நேரம் என வரையறுத்தது. ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார் என்று கேட்காமல் ஊதச் சொல்வது பாதிச் சோதனையே.

5. சான்று யார் பக்கம்

சோதனையே வேண்டாம் என்போர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. வாடை வீசியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்ற மருத்துவரின் சொல்லை மட்டும் கொண்டு ஒருவர் மது அருந்தியிருந்தார் என்று முடிவு கட்ட முடியாது. இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாததைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 1971இல் இவ்வாறு கூறியது. முறையான சோதனை இல்லாத இடத்தில் மேஸ்திரியின் மூக்கே நீதிபதியாகிவிடும். சரியான எண் தொழிலாளியைக் காக்கவும் செய்யும். பக்கத்துச் சாரத்தில் நிற்பவருக்கும், கிரேனுக்குக் கீழே நிற்பவருக்கும் அது காப்பு.

ஆனால் அதே எண் எதிர்த்திசையிலும் பயணிக்கிறது. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயம், குடி அல்லது போதையின் நேரடி விளைவாக நேர்ந்திருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவ்விலக்கு தொடர்கிறது. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஒரு கொத்தனாரை எண்ணிப் பார்க்கலாம். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 'மது வாடை' என்று இரண்டு சொல் எழுதப்படுகிறது. அச்சொற்கள் பின்னாளில் இழப்பீட்டு வழக்கில் முதலாளியின் ஆவணமாகின்றன. சாரத்துக்குக் கைப்பிடி இருந்ததா, இடுப்பு பெல்ட் கொடுக்கப்பட்டதா என்பதைப் பதிவேடு கேட்பதில்லை. சட்டம் கேட்பது 'நேரடி விளைவா' என்பதை. மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கைப்பிடியில்லாத சாரத்திலிருந்து குடிக்காதவரும் விழுவார்.

மேலும், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநல நோயின் வரையறைக்குள் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. சட்டம் நோய் என்று ஏற்றதை வேலைத்தளம் இன்னும் குற்றமாகவே நடத்துகிறது.

6. முடிவும் பரிந்துரையும்

மேற்கண்ட வாதங்களிலிருந்து ஐந்து முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, சோதனை பணிக்கானதாக இருக்க வேண்டும், ஆளுக்கானதாக அன்று. கனரக ஓட்டுநர், கிரேன் இயக்குபவர், வெடிவைப்பவர் போன்றோருக்கு அது கட்டாயம். கலவை சுமக்கும் சித்தாளுக்கு வேண்டியதில்லை. அதே விதி பொறியாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு, கால் மணி நேர இடைவெளியில் இரண்டாம் சோதனையும், முடிவை மறுப்பவருக்கு இரத்தச் சோதனை உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, முதன்முறை சிக்கியவருக்கு அன்று ஓய்வும் சிகிச்சையும், வேலைநீக்கம் கூடாது. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள், உழைப்பாளியை ஊரைவிட்டுப் பெயர்க்காமல் சிகிச்சை தர முடியும் என்று காட்டியுள்ளன. அதியமான்கோட்டை வட்டாரத்திலும் அது இயலும்.

நான்கு, சிகிச்சை நாட்களின் கூலியை உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இன் கீழ் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்க வேண்டும். கட்டுமானச் செலவில் வசூலாகும் ஒரு விழுக்காட்டு நல வரி இதற்குரிய நிதி.

ஐந்து, பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று முதலாளி முதலில் மெய்ப்பிக்காத வரை, எந்தப் போதைச் சோதனை முடிவும் இழப்பீட்டு வழக்கில் ஏற்கப்படக் கூடாது.

முதல் நான்கும் நிர்வாக ஆணையிலேயே நிறைவேறக்கூடியவை. ஐந்தாவதற்குச் சட்டத்திருத்தம் வேண்டும்; அத்திருத்தம் வரும்வரை, முதல் முடிவின் வரம்பைத் தாண்டிப் பணியிடச் சோதனை எதையும் புதிதாகக் கட்டாயமாக்குவது தொழிலாளிக்கு எதிராகவே முடியும்.