எஞ்சின் ஆயில் மிகுநுகர்வு

கார் எஞ்சினில் ஆயில் எரிந்தோ கசிந்தோ அளவுக்கு மீறிக் குறையும் கோளாறு. 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரை இயல்பெனச் சில தயாரிப்பாளர்கள் கூறுவது தாராளக் கணக்கே. எரிவதன் அடையாளம் நீலப்புகை: வேகமெடுக்கையில் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்வு, நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்கையில் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். இலஞ்சி வட்டாரத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் செல்லும் மலைப்பாதை இரண்டையும் காட்டிக்கொடுக்கும். ஏற்றத்தில் சுமை ரிங்கின் மேல். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கும் பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சல் மிகுந்து, தளர்ந்த சீல் வழியே ஆயில் உள்ளே இழுபடும். அழுத்தச் சோதனையின்போது சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டதும் அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங் பக்கம். சீல் மாற்றுவது சிறு வேலை. ரிங்குக்கு எஞ்சினைப் பிரிக்கவேண்டும். சிலிண்டரும் தேய்ந்திருப்பின் துளையை அகலப்படுத்தி (போர் செய்து) பெரிய பிஸ்டன் பொருத்துவர். அதற்குமுன், எஞ்சின் உள்வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் அடைப்பைப் பார்ப்பது சிக்கனம். அடைத்தால் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும்.